ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கும் 931 ஜிபி கணக்கும்

புது ஹார்ட் டிஸ்க்கை வாங்கிச் சென்றவர் மறுநாளே அதைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இருக்காது. கோளாறு என்றால் போன் செய்துவிட்டு வருவார்கள். இவர்கள் சொல்லாமல் வருவார்கள், கோபமாக வருவார்கள். "தம்பி, ஒரு டிபி என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள்? வீட்டில் போட்டுப் பார்த்தால் 931 ஜிபிதான் இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?"

திருநெல்வேலியில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்பும் என் தொழில். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்டூடியோ வைத்திருப்பவர், கல்லூரி மாணவர் என்று எல்லாத் தரப்பினரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவரின் உரிமை. என் வருத்தம் வேறு. 931 என்று காட்டும் நல்ல டிஸ்க்கைச் சந்தேகப்படுகிறவர்கள், 2 டிபி என்று குறையாமல் காட்டும் போலிப் பென்டிரைவை நம்பிவிடுகிறார்கள். முதலாவதில் யாரும் ஏமாறவில்லை. இரண்டாவதில் கல்யாண வீடியோவே போய்விடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்குத் தெரிந்தால் போதும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கோபமாக வருகிறவரை உட்காரவைத்து, அவர் கொண்டுவந்த டிஸ்க்கைக் கடைக் கணினியில் செருகுவேன். விண்டோஸில் அந்த டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், வட்டப் படத்துக்கு மேலே கெப்பாசிட்டி என்றொரு வரி இருக்கும். அந்த வரியில் இரண்டு எண்கள் உண்டு. வலது ஓரத்தில் 931 ஜிபி. அதற்கு இடப்பக்கம், யாரும் நின்று படிக்காத ஒரு நீண்ட எண். 931-ஐ விரலால் மறைத்துக்கொண்டு அந்த நீண்ட எண்ணைப் படிக்கச் சொல்வேன். வலமிருந்து மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக என்று நம் முறையில் கோடு போட்டுப் படித்தால், ஒரு லட்சம் கோடியைத் தாண்டி வரும். அதுதான் பைட் கணக்கு. ஒரு டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் அதுதான், உள்ளே இருப்பதும் அதுதான்.

இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், கடையில் விற்கும் ஒரு டிபி டிஸ்க்கில் பொதுவாக 195 கோடியே 35 லட்சத்து 25 ஆயிரத்து 168 செக்டர்கள் இருக்கும். செக்டர் என்பது டிஸ்க்கில் தரவை எழுதும் சிறு கட்டம்; ஒன்றுக்கு 512 பைட். பெருக்கினால் ஒரு லட்சத்து 20 கோடியே 48 லட்சத்து 86 ஆயிரத்து 16 பைட் வருகிறது. சொன்னதைவிட 20 கோடி பைட் கூடுதல். வெவ்வேறு நிறுவனங்களின் டிஸ்க்குகளிலும் இந்தச் செக்டர் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். ஒன்று பழுதானால் இன்னொரு நிறுவனத்தின் டிஸ்க்கை அதே இடத்தில் பொருத்த முடிய வேண்டும் என்பதற்காகத் தொழில்துறை வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. பார்ட்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, அதில் சில கோடி பைட் ஒதுங்கிக்கொள்ளும். பிராப்பர்ட்டீஸ் வரியில் காண்பது அந்த ஒதுக்கீடு போன மீதி.

அப்படியானால் 931 எங்கிருந்து வருகிறது? டிஸ்க்கைத் தயாரிப்பவருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு ஒரு ஜிபி என்பது 1024 x 1024 x 1024, அதாவது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். ஒரு லட்சம் கோடியை இந்த எண்ணால் வகுத்தால் 931.32. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இந்த வகுத்தலை நானே போட்டுக் காட்டுவதில்லை. வந்தவர் கையில் இருக்கும் போனின் கால்குலேட்டரில் அவரையே போடச் சொல்வேன். அவர் கையால் 931 வந்து நிற்கும்போது, நான் அரைமணி நேரம் பேசினாலும் அடங்காத கோபம் அங்கேயே அடங்கிவிடும். ஒரே தூரம் கிலோமீட்டரில் 100, மைலில் 62 என்று வருவது போலத்தான் இது. சாலை குறையவில்லை.

இந்த 1024 கணக்குக்குக் காரணம் நினைவகச் சிப்பு. சிப்பில் எந்த இடம் வேண்டும் என்று சொல்லும் முகவரிக் கம்பி ஒன்று கூடினால் எட்டக்கூடிய இடங்கள் இரட்டிப்பாகும். பத்துக் கம்பி இருந்தால் 1024 இடம். 1000 இடத்தோடு நிறுத்திக்கொள்ள அங்கே வழி இல்லை. அதனால் 1024 பைட்டை ஒரு கிலோபைட் என்று அழைக்கும் பழக்கம் கணினிக்காரர்களிடம் வந்தது. இன்றைக்கும் 8 ஜிபி ராம் வாங்கினால் அது விண்டோஸ் கணக்கில்தான் 8 ஜிபி. ஹார்ட் டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தட்டு எத்தனை, தட்டில் வட்டம் எத்தனை, வட்டத்தில் செக்டர் எத்தனை என்பதைப் பொறுத்து மொத்தம் எந்த எண்ணாகவும் வரலாம். 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வணிக டிஸ்க் இயந்திரமான ராமாக்கின் கொள்ளளவே 50 லட்சம் எழுத்துகள் என்று சாதாரணப் பத்துக் கணக்கில்தான் சொல்லப்பட்டது. ஆக, டிஸ்க்காரர்கள் புதிதாக ஒரு தந்திரம் செய்து அளவைச் சுருக்கிவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

இடையில் இரண்டையும் கலந்தடித்த கூத்தும் நடந்திருக்கிறது. 1.44 எம்பி ஃபிளாப்பியை நினைவிருக்கிறதா? அதில் இருந்தது 14 லட்சத்து 74 ஆயிரத்து 560 பைட். 1440-ஐ 1024 ஆல் பெருக்கி, பிறகு எம்பிக்கு மாற்றும்போது மட்டும் 1000 ஆல் வகுத்தார்கள். எந்த முறையிலும் சேராத எண் அது.

அந்தக் காலத்தில் யாரும் கண்டுகொள்ளாததற்குக் காரணம் உண்டு. கிலோவில் வித்தியாசம் 2.3 சதவீதம்தான். எம்பியில் 4.6, ஜிபியில் 6.9, டிபியில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு 1024 கூடுவதால் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது. 20 எம்பி டிஸ்க்கில் ஒரு எம்பிக்கும் குறைவாகத் தெரிந்த வேறுபாடு, இன்றைய 20 டிபி டிஸ்க்கில் 18.19 என்று வந்து நிற்கிறது. அளவு பெருகப் பெருக மனிதர்களின் சந்தேகமும் பெருகியது இயற்கைதான்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே 1024 கணக்குக்கு மெபிபைட், டெபிபைட் என்று தனிப் பெயர்களைக் கொடுத்துவிட்டது. லினக்ஸ் பயனர்கள் ஓரளவு எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிள் வேறு வழியில் போய், 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து பத்துக் கணக்குக்கே மாறிவிட்டது; அதனால் அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் ஒரு டிபி என்றே காட்டும். விண்டோஸ் மட்டும் 1024 ஆல் வகுத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஜிபி என்று எழுதிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இத்தனை கோடிப் பேரைக் குழப்பும் ஒரு வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் மாற்றியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழப்பத்துக்குப் பதில் சொல்லும் வேலை சின்னக் கடைக்காரர்கள் தலையில் விழுகிறது.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. வெஸ்டர்ன் டிஜிட்டல் மீது தொடுத்த வழக்கு 2006-ல் சமரசமாகி, வாங்கியவர்களுக்கு இலவசமாக பேக்கப் மென்பொருள் தர ஒப்புக்கொண்டார்கள். 2007-ல் சீகேட் 5 சதவீதப் பணத்தைத் திருப்பித் தரவோ மென்பொருள் தரவோ இசைந்தது. அதன் பிறகுதான் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட் என்ற வரி பெட்டிகளில் தவறாமல் இடம்பெறத் தொடங்கியது. சான்டிஸ்க் பென்டிரைவ் தொடர்பாகப் பின்னால் வந்த வழக்கைக் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2020-ல் தள்ளுபடி செய்தது. பெட்டியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறதே என்பது காரணம். அடுத்த முறை பெட்டியைத் தூக்கி எறியும் முன் பின்புறத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள், பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல் போனால் வேலையும் கெடும். எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் எடிட்டிங் மேக்கில் நடக்கிறது; கொடுப்பதோ விண்டோஸ் வாடிக்கையாளருக்கு. ஒரு நிகழ்ச்சியின் ஃபோல்டர் மேக்கில் 490 ஜிபி என்று காட்டியது. வாடிக்கையாளர் கொண்டுவந்த காலி டிஸ்க்கில் விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டியது. கொள்ளாது என்று முடிவு செய்து, பெரிய டிஸ்க் வாங்கி வரச் சொல்லி அவரை என்னிடம் அனுப்பினார்கள். அந்த 465 என்பது 500 ஜிபி டிஸ்க். 490 ஜிபி ஃபோல்டர் விண்டோஸ் கணக்கில் 456தான். தாராளமாகக் கொள்ளும். விற்பனை போனாலும் பரவாயில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினேன், அதிலேயே அடங்கியது. ஒரு பொருளின் அளவையும் அதை வைக்கும் இடத்தின் அளவையும் ஒரே கணினியில் பாருங்கள், அல்லது இரண்டுக்கும் பைட் எண்ணைப் பாருங்கள். வாங்கும்போது விண்டோஸில் எவ்வளவு தெரியும் என்று மனக்கணக்காகச் சொல்ல வேண்டுமானால், ஜிபி என்று விற்பதில் 7 சதவீதம், டிபி என்று விற்பதில் 9 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். 256 என்பது 238 ஆகும், 512 என்பது 476 ஆகும், 2 டிபி என்பது 1.81 ஆகும், 4 டிபி என்பது 3.63 ஆகும்.

இதற்கும் கீழே குறைந்தால்தான் உண்மையாகவே இடம் எங்கோ போயிருக்கிறது என்று பொருள். அப்போதும் பெரும்பாலும் காரணம் எளிமையானது.

லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க்) இருந்தும் சி டிரைவில் 476-ஐ விடக் குறைவாகத் தெரிந்தால், பார்ட்டிஷன்களைக் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு பார்ட்டிஷனும், கடைசியில் மீட்புக்கான பார்ட்டிஷனும் நிற்கும். சில தயாரிப்பாளர்கள் மீட்புக்கென்று பத்து, இருபது ஜிபிகூட ஒதுக்குகிறார்கள். அதை அழிக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. பின்னொரு நாள் விண்டோஸ் எழும்பாமல் போகும்போது அந்தப் பார்ட்டிஷன்தான் கைகொடுக்கும். சி டிரைவுக்குள்ளேயே விண்டோஸ் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் ஹைபர்னேட் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகள், 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளில் அப்டேட்டுக்கென்று ஒதுக்கும் சுமார் 7 ஜிபி எல்லாம் இருக்கும். இவை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் ஃபைல்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் மொத்தத்தோடு ஒத்துவராது.

லினக்ஸில் இன்னொன்று இருக்கிறது. ஒரு ஸ்டூடியோவுக்குப் பழைய கணினியை வைத்து பேக்கப் பெட்டி அமைத்துக் கொடுத்தபோது, காலியான 4 டிபி டிஸ்க்கில் மொத்தம் 3.6, மீதி 3.4 என்று காட்டியது. பயன்பாட்டில் ஒன்றுமே இல்லை. உரிமையாளர் அதைச் சரியாகக் கவனித்துக் கேட்டார். அவர் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்தால், கணினியின் முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்கென்று 5 சதவீதம் தானாக ஒதுங்கிவிடும். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் அது அவசியம். டிஸ்க் முற்றிலும் நிரம்பினாலும் கணினி முடங்காமல் இருக்க அந்த ஒதுக்கீடு உதவும். வெறும் வீடியோ சேமிக்கும் டிஸ்க்கில் அவ்வளவு தேவையில்லை. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் அந்த 5-ஐ 1 ஆக்கினேன். 160 ஜிபி பக்கம் திரும்பி வந்தது. டிஸ்க்கிலிருந்த எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

சிறு சிறு ஃபைல்கள் ஏராளமாக இருக்கும் இடத்தில் வேறு விதமான கசிவு. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பெரிய பென்டிரைவில், 32 ஜிபிக்கு மேல் என்றால், விண்டோஸ் வழக்கமாக 128 கேபி அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கிறது. 4 கேபி ஃபைல் ஒன்றை வைத்தாலும் ஒரு முழுக் கட்டம் போய்விடும். கணக்கு மென்பொருளின் பேக்கப்பில் அப்படி ஒரு லட்சம் ஃபைல் இருந்தால், உள்ளடக்கம் 400 எம்பிகூடத் தேறாது, அடைபடும் இடமோ 12 ஜிபி. பிராப்பர்ட்டீஸில் சைஸ் என்ற வரிக்கும் சைஸ் ஆன் டிஸ்க் என்ற வரிக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால் இதுதான் காரணம். எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாக்கிப் போட்டால் தீர்ந்தது. காப்பி ஆகும் நேரமும் பல மடங்கு குறையும்.

பென்டிரைவ் காலியாக இருக்கிறது, ஆனால் இடமில்லை என்கிறது என்று யாராவது வந்தால், அச்சகத்துக்குப் போய் வந்ததா என்று கேட்பேன். பல அச்சகங்களில் மேக் இருக்கிறது. மேக்கில் பென்டிரைவிலிருந்து அழித்த ஃபைல்கள், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்வரை அதே பென்டிரைவில் மறைந்த ஃபோல்டர் ஒன்றில் கிடக்கும். விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் அந்த ஃபோல்டர் தெரியும். அழித்தால் இடம் திரும்பும்.

கல்லூரி மாணவர்கள் கொண்டுவருவது வேறு வகை. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகைக்காக 32 ஜிபி மெமரி கார்டில் லினக்ஸ் எழுதியிருப்பார்கள். பிறகு விண்டோஸில் போட்டால் சில நூறு எம்பி மட்டுமே தெரியும். கார்டு செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்களும் உண்டு. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸ் படிப்பதில்லை, தொடக்கத்திலுள்ள சிறு பார்ட்டிஷனை மட்டும் காட்டுகிறது, அவ்வளவுதான். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் அந்தக் கார்டைத் தேர்ந்து, எல்லாவற்றையும் துடைக்கும் கிளீன் கட்டளையைக் கொடுத்து, புதிதாக பார்ட்டிஷன் போட்டால் முழு அளவும் வந்துவிடும். ஆனால் கிளீன் கொடுக்கும் முன் டிஸ்க் எண்ணையும் அதன் அளவையும் இரண்டு முறை சரிபாருங்கள். அது மறுபடி கேட்காது. எண் மாறினால் வீட்டுக் கணினியின் டிஸ்க் துடைத்துவிடப்படும்.

பெரிய டிஸ்க்கை, அதைக் கணினியோடு இணைக்கும் பழைய பெட்டி ஒன்றில் போடும்போதும் இப்படி ஒன்று நேரும். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பழைய கருவிகளாலும் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் முறையாலும், 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கில், விண்டோஸ் கணக்கில் 2 டிபிக்கு மேல் எண்ண முடியாது. சில கருவிகள் 2 டிபிக்கு மேல் உள்ளதைக் காட்டாமல் நின்றுவிடும், சில கருவிகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கி மீதியை மட்டும் காட்டும். அந்த நிலையில் ஃபார்மேட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். வேறொரு புதிய கருவியில் போட்டால் உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும்.

எஸ்எஸ்டியில் மட்டும் உண்மையாகவே கண்ணுக்குக் காட்டாத இடம் இருக்கிறது. 256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் சிப்புகள் பெரும்பாலும் 1024 கணக்கில் 256. அதாவது விற்றதைவிட ஏறக்குறைய 1,900 கோடி பைட் கூடுதல். தேய்ந்த பகுதிகளுக்கு மாற்றாகவும், எழுதும் வேகம் குறையாமல் இருக்கவும் கட்டுப்பாட்டுச் சிப்பு அதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதைத் திறந்துவிடும் வித்தை என்று யாராவது காணொளி போட்டிருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள்.

இனி, நான் முதலில் சொன்ன போலிகளுக்கு வருகிறேன்.

ஓர் அம்மா கையடக்கமான கறுப்பு எஸ்எஸ்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இணையத்தில் தள்ளுபடியில் வாங்கியது, 2 டிபி என்று மேலே பொறித்திருந்தது. மகள் கல்யாண வீடியோவும் பேரனின் காதுகுத்துப் படங்களும் அதில் இருந்தன. ஃபோல்டரைத் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொரு ஃபைலுக்கும் அளவும் இருந்தது. காதுகுத்துப் படங்கள் திறந்தன. அதற்குப் பின் ஏற்றிய கல்யாண வீடியோ எதுவும் திறக்கவில்லை. அவர் அனுமதியோடு அந்தப் பெட்டியைப் பிரித்தேன். கைப்பிடிக்குக் கனம் வேண்டும் என்று ஓர் இரும்புத் துண்டு. அதன் பக்கத்தில் ஒரு சிறு பலகை. அந்தப் பலகையில் கட்டைவிரல் நகம் அளவுள்ள மெமரி கார்டு ஒன்று, சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தது. அதன் மெய்யான அளவு 64 ஜிபி.

இது நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுப்பாட்டுச் சிப்பில் உள்ள நிரலைத் திருத்தி, கணினி கேட்கும்போது 2 டிபி என்று பதில் சொல்ல வைத்துவிடுகிறார்கள். கணினிக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. எழுதத் தொடங்கினால் முதல் 64 ஜிபி வரை எல்லாம் சரியாகவே போகும். அதன் பிறகு வருவதைச் சில போலிகள் பழையதன் மேலேயே எழுதும், சில போலிகள் வாங்கிக்கொண்டு கைவிட்டுவிடும். காப்பி முடிந்தது என்று செய்தி வரும், பிழை எதுவும் காட்டாது. ஃபைல் பெயர்களின் பட்டியல் டிரைவின் தொடக்கத்தில் இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் பத்திரமாக இருக்கும். எழுதப்படாத ஒன்றை எந்த மீட்பு மென்பொருளாலும் மீட்க முடியாது. இதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. "ஐயா, பெயர் இருக்கிறதே, உள்ளேயும் இருக்கும் அல்லவா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். வீடியோ எடுத்தவரிடம் மூலப் பிரதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அவரும் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஒரு குடும்பத்தின் நினைவைப் பாழாக்குகிற இந்த வியாபாரத்தைச் சின்ன ஏமாற்று என்று சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இங்கேதான் அந்தச் சின்னக் கணக்கு உதவுகிறது. நேர்மையான 2 டிபி டிரைவ் விண்டோஸில் 1.81 என்று காட்டும். நேர்மையான 512 ஜிபி பென்டிரைவ் 476-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ காட்டும். என் மேசைக்கு வந்த போலிகளில் பல 1.95 டிபி என்றோ, 500 ஜிபி என்றோ காட்டின. போலி செய்கிறவர் தன் விருப்பத்துக்கு ஓர் அழகான எண்ணை எழுதிவிடுகிறார். ஆகவே வாங்கிய டிரைவ் பெட்டியில் உள்ளதற்கு மிக நெருக்கமாக விண்டோஸில் காட்டினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். கவனமான போலிகள் 1.81 என்றே காட்டும் என்பதால், சரியான எண் தெரிந்தாலும் அதோடு நின்றுவிடக்கூடாது. சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்றால் சோதனையே தேவையில்லை. அந்த விலைக்கு அவ்வளவு சிப்பு வராது.

சந்தேகம் தீர ஒரே வழி, டிரைவை முழுதாக நிரப்பிப் படித்துப் பார்ப்பதுதான். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றே: டிரைவ் நிரம்பும்வரை தனக்குத் தெரிந்த தரவை எழுதிக்கொண்டே போய், பிறகு முதலிலிருந்து படித்து, எழுதியதுதான் திரும்பி வருகிறதா என்று ஒப்பிடும். காலி இடத்தை மட்டுமே சோதிக்கும் என்பதால் டிரைவ் காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். 64 ஜிபி பென்டிரைவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறக்குறைய அரை நாள். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரு ஃபைலைக்கூட ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள் என்று புது டிரைவ் வாங்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். நேரமில்லை என்பவருக்குக் கடையிலேயே போட்டுக் கொடுக்கிறேன்.

சோதனையில் தோற்றால் அந்தச் சாளரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி தேறியது, எத்தனை காணவில்லை என்று அதில் தெளிவாக இருக்கும். விற்பனைப் பக்கத்தில் உள்ள கொள்ளளவு விவரத்தையும் படம் எடுத்துவிடுங்கள், அது பிறகு மாறிவிடலாம். திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டையும் சேர்த்து அனுப்பினால் பணம் திரும்பக் கிடைத்ததை என் வாடிக்கையாளர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். தேறிய 64 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போட முடியும். ஆனால் அப்படிப்பட்ட டிரைவில் இருக்கும் சிப்பு எந்தத் தரத்தில் கழிக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. பாட்டு கேட்பதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை படத்தை வைக்காதீர்கள்.

சோதனையில் தேறினால், எச்2டெஸ்ட்டபிள்யூ எழுதி வைத்த ஃபைல்களை அழித்துவிட்டு டிரைவை ஒருமுறை ஃபார்மேட் செய்யுங்கள். பெயரின் இறுதியில் எச்2டபிள்யூ என்று இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. அவற்றை அழிக்க மறந்து, புது டிரைவில் இடமே இல்லை என்று என்னிடம் வந்தவர்களும் இருக்கிறார்கள்.